பழைய காருக்கு எந்த இன்ஜின் ஆயில் ஊத்துறது? மொத தடவ வாங்குறவங்களுக்காக

பழைய கார் ஒண்ணு கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள்ள எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், "இதுக்கு எந்த ஆயில் ஊத்துறது?" பத்து பேர்கிட்ட கேட்டா பத்து பதில் வரும். ஒருத்தர் இருக்குறதுலயே வெல கூடுன ஃபுல் சிந்தெட்டிக்கா பாத்து ஊத்துங்கம்பார், இன்னொருத்தர் பழைய வண்டின்னா கெட்டி ஆயில்தான்னு ஒரே போடா போட்டுடுவார். ரெண்டும் சில வண்டிக்கு சரி, சில வண்டிக்கு கெடுதல். அதனால கேன்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி உங்க இன்ஜினுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க, அது தெரிஞ்சிட்டா கடையில நிக்கும்போது முக்கால்வாசி கேன் தானா கழிஞ்சு போயிடும்.

பழைய கார்னு நான் இங்க சொல்றது பெரும்பாலும் 1980களுக்கு முன்னாடி வந்த, கார்புரேட்டர் வெச்ச பெட்ரோல் வண்டிங்கள.

மொதல்ல வண்டிய விசாரிங்க

ஓனர்ஸ் மேனுவல் இருந்தா எடுத்துப் பாருங்க, இல்லன்னா அந்த மாடலோட வொர்க்ஷாப் மேனுவல தேடிப் பிடிங்க. அதுல லூப்ரிகேஷன்னு ஒரு பக்கம் இருக்கும், வெளிய எவ்வளவு குளிர், எவ்வளவு சூடுன்னு டிகிரி போட்டு அதுக்கு நேரா ஆயில் கிரேடு குடுத்திருப்பாங்க. உங்க தேடலுக்கு அதுதான் அஸ்திவாரம். 1970க்கு முன்னாடி வந்த மேனுவல்னா எம்எல், எம்எம், எம்எஸ்னு எழுத்து வரும், இப்ப எந்த கேன்லயும் அது இருக்காது, பயப்பட வேணாம், எம்எஸ்னா கடுமையா ஓடுற பெட்ரோல் இன்ஜினுக்கான ஆயில்னு அர்த்தம், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நாலு விஷயம் தெரியணும். இன்ஜின்ல தட்டையான டேப்பெட்டா, உருளை வெச்ச ரோலர் டேப்பெட்டா (டேப்பெட்டுன்னா, கேம் ஷாஃப்டுங்கிற தண்டு சுத்தும்போது அதோட தள்ளுதல வாங்கி வால்வ தொறக்குற பாகம்)? ஆயில் ஃபில்டர் இருக்கா, இல்ல வெறும் கம்பி வலை ஸ்ட்ரெய்னர் மட்டுமா? இன்ஜின் எப்பவாவது பிரிச்சு கட்டினதா, இல்ல கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கா? இதுவரைக்கும் என்ன ஆயில் ஓடிட்டு இருந்துச்சு? கடைசி கேள்விக்கு வண்டிய வித்தவர்கிட்டதான் பதில் இருக்கும், வெக்கப்படாம போன் போட்டு கேளுங்க.

அவருக்கும் தெரியலன்னா ராக்கர் கவர, அதாவது இன்ஜினோட மேல் மூடிய, கழட்டிப் பாருங்க, நாலஞ்சு போல்ட்டுதான், கேஸ்கெட் மட்டும் புதுசு ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. உள்ள தேன் கலர்ல லேசா படிஞ்சிருந்தா நல்லது. கருப்பா, விரல்ல தொட்டா கிரீஸ் மாதிரி வழுக்கிட்டு வர்ற கசடு கெட்டியா இருந்துச்சுன்னா இந்த வண்டிக்கு ரொம்ப நாளா ஆயில் மாத்தல, இல்ல டிடர்ஜென்ட் (அழுக்க பேத்து எடுக்குற சேர்மானம்) இல்லாத ஆயிலே ஓடிட்டு இருந்திருக்குன்னு புரிஞ்சுக்கலாம். இது ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன், நான் இதப் பாக்காம விட்டதாலதான் ஒரு இன்ஜின கெடுக்கப் பாத்தேன்.

அந்த நம்பர் என்ன சொல்லுது

20டபிள்யூ-50ன்னு போட்டிருந்தா அந்த டபிள்யூ வெயிட்டுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அது விண்டர். முன்னாடி இருக்குற நம்பர் குளிர்ல இன்ஜின எவ்வளவு சுலபமா சுத்த விடும்னு சொல்லுது, பின்னாடி இருக்குறது 100 டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது. 20டபிள்யூ ஆயில மைனஸ் 15 டிகிரியிலயும், 15டபிள்யூவ மைனஸ் 20லயும், 10டபிள்யூவ மைனஸ் 25லயும் வெச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. தண்ணி உறையாத இடத்துல ஓடுற வண்டிக்கு 20டபிள்யூ தாராளமா போதும், பனி கொட்டுற இடத்துல காலையில ஸ்டார்ட் பண்ணணும்னா 15 இல்லன்னா 10 பக்கம் போங்க.

பின்னாடி நம்பர்தான் பழைய இன்ஜினுக்கு உயிர். 100 டிகிரியில 30 கிரேடு ஆயிலோட கெட்டித்தன்மை 9.3லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும், 40ன்னா 12.5லேர்ந்து 16.3, 50ன்னா 16.3லேர்ந்து 21.9. அதாவது 50 ஆயில் சூட்டுல 30 ஆயில விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கெட்டி. பழைய இன்ஜின்ங்கள்ல பேரிங்குக்கும் கிராங்குக்கும் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) நடுவுல விட்டிருக்குற இடைவெளி இப்ப வர்ற வண்டிங்கள விட பெரும்பாலும் ஜாஸ்தி, ஓடி தேய்ஞ்சதுன்னா இன்னும் ஜாஸ்தி, அதுல 0டபிள்யூ-20 மாதிரி தண்ணியா இருக்குற ஆயில ஊத்தினா சூடானதும் ஐட்லிங்ல பிரஷர் விழுந்துடும்.

அதுக்காக கெட்டியா இருந்தா நல்லதுன்னு கண்ண மூடிக்கிட்டு 60 ஊத்திடாதீங்க. ரொம்ப கெட்டி ஆயில் காலையில ஸ்டார்ட் பண்ணதும் மேல ராக்கர் வரைக்கும் ஏறவே நேரம் எடுக்கும், அந்த நேரத்துல கேஜ்ல பிரஷர் அழகா காட்டும், ஆனா போய்ச் சேர வேண்டிய எடத்துக்கு ஆயில் போயிருக்காது. மேனுவல்ல 30ன்னு இருந்து இன்ஜினும் நல்லா டைட்டா இருந்தா 10டபிள்யூ-30 இல்ல 10டபிள்யூ-40, ஓடி தேய்ஞ்ச இன்ஜின், இல்ல சூடான ஊர்னா 15டபிள்யூ-40 பக்கம் போகலாம், மேனுவல்லயே 40ன்னு இருந்தா 20டபிள்யூ-50. இப்படி ஒரு படி ஏத்தினா போதும், ரெண்டு மூணு படி தாவ வேணாம். 10டபிள்யூ-30 எடுக்குறதா இருந்தா கொஞ்சம் உஷாரா இருங்க, அதுல ஒரு சிக்கல் இருக்கு, ஜிங்க் பத்தி சொல்லும்போது வருது.

இன்னொரு தப்பான நெனப்பு, மல்டிகிரேடு ஆயில் (20டபிள்யூ-50 மாதிரி ரெண்டு நம்பர் போட்டது) சூடானா கெட்டியாகும்னு. எந்த ஆயிலும் சூடானா இளகத்தான் செய்யும், மல்டிகிரேடுல பாலிமர் கலந்திருக்குறதால கம்மியா இளகும். அந்த பாலிமர் ஓட ஓட நசுங்கி உடையும், அதனால 50ஆ வாங்கினது சில ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு 40 மாதிரி நடந்துக்கும். மினி கார்ல இது இன்னும் வேகமா நடக்கும், ஏன்னா 1959ல வந்த அந்த டிசைன்ல கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியிலயே இருக்கு, ரெண்டுக்கும் ஒரே ஆயில், கியர் பல்லு நடுவுல மாட்டி அந்த பாலிமர் அரைபடும். மினி வெச்சிருக்குறவங்க ஆயில் மாத்துறத தள்ளிப் போடவே கூடாது.

ஜிங்க் விஷயம், இதுதான் பெருசு

இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நல்லா ஓடிட்டு இருந்த பழைய இன்ஜின்ங்க புது ஆயில் ஊத்தி கேம் ஷாஃப்ட் போயி நின்னது பெரும்பாலும் இதனாலதான்.

தட்டை டேப்பெட் இன்ஜின்ல கேமோட மூக்கு டேப்பெட் மேல உரசிக்கிட்டே சுத்துது, நடுவுல உருளை எதுவும் கெடையாது. ரெண்டும் தொடுற இடம் ரொம்பச் சின்னது, வால்வு ஸ்பிரிங்கோட முழு அழுத்தமும் அந்த எடத்துலதான் விழும், அங்க வெறும் ஆயில் படலம் மட்டும் நின்னு தாங்க முடியாது. அதுக்காகத்தான் 1940கள்ல இருந்து இசட்டிடிபின்னு ஒரு ஜிங்க், பாஸ்பரஸ் சேர்மத்த ஆயில்ல கலக்குறாங்க. சூடும் அழுத்தமும் சேர்ற எடத்துல அது உடைஞ்சு இரும்பு மேல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல் போடும், இரும்புக்கு பதிலா அந்தத் தோல் தேயும், மறுபடி புதுத் தோல் வரும். அது இல்லன்னா கேமோட மேல்தோல் கெட்டிப்படுத்தியிருக்காங்க பாருங்க அது போயிடும், அது போயிட்டா உள்ள இருக்குற மெத்தன இரும்பு கடகடன்னு கரைஞ்சு அந்தத் தூளெல்லாம் பேரிங் வரைக்கும் போகும்.

அப்புறம் ஏன் இப்ப இத கொறைச்சாங்கன்னா, பாஸ்பரஸ் சைலன்சர் பக்கம் இருக்குற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர பாழாக்குது. இப்ப வர்ற வண்டிங்கள்ல ரோலர் டேப்பெட் மாதிரி உரசல் கம்மியான அமைப்புங்க வந்துட்டதால அதுங்களுக்கு இவ்வளவு ஜிங்க் தேவையும் இல்ல. அதனால எஸ்ஜேங்கிற பெட்ரோல் ஆயில் தரத்துல (இந்த எழுத்துங்கள பத்தி கீழ வருது) பாஸ்பரஸ் 0.10 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சாங்க, 2004ல எஸ்எம் வந்தப்ப அது 0.08 சதவீதம், அதாவது 800 பிபிஎம் (பத்து லட்சத்துல 800 பங்கு) ஆச்சு. பழைய தட்டை டேப்பெட் இன்ஜினுக்கு வழக்கமா சொல்ற அளவு 1000லேர்ந்து 1400 பிபிஎம்.

ஆனா ஒரு நல்ல விஷயம், நெறைய பேருக்கு இது தெரியாது. அந்த 800 வரம்பு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி லேசான கிரேடுக்குத்தான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி கிரேடுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது, அதனால அதுல ஜிங்க் ஜாஸ்தி இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், உறுதி இல்ல, கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

அத எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, கேன் பின்னாடி ஏபிஐ (ஆயிலுக்கு தரம் வகுக்குற அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) வட்ட முத்திரை இருக்கும் பாருங்க, அதோட கீழ் வளைவுல ரிசோர்ஸ் கன்சர்விங், இல்ல எனர்ஜி கன்சர்விங்னு எழுதியிருந்தா கீழ வெச்சிடுங்க, அது புது வண்டிக்கான கொறஞ்ச பாஸ்பரஸ் ஆயில். முன்னாடி நட்சத்திரம் வெடிச்ச மாதிரி ஒரு முத்திரை இருந்தாலும் அதே கதைதான். இது ரெண்டும் இல்லன்னா அந்த ஆயிலோட டேட்டா ஷீட்ட தேடி எடுங்க, ஜிங்க், பாஸ்பரஸ் அளவு நெறைய கம்பெனிங்க போட்டிருப்பாங்க, போடலன்னா மெயில் பண்ணி கேளுங்க, பதில் சொல்லாத கம்பெனி ஆயில வாங்காதீங்க. கிளாசிக் காருக்குன்னே விக்கிற ஆயிலும் இருக்கு, அதுலயும் டேட்டா ஷீட் பாத்துதான் வாங்கணும், லேபிள்ல பழைய கார் படம் போட்டிருக்குங்கிறது போதாது.

ஜிங்க் தனியா பாட்டில்ல விக்குது, ஆயில்ல கலந்துக்கலாம்னு சொல்வாங்க. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. ஏற்கனவே 1200 இருக்குற ஆயில்ல மேல ஒரு பாட்டில ஊத்தினா எங்க போய் நிக்கும்னு தெரியாது, அளவு தாண்டினா அதுவே உலோகத்த அரிக்க ஆரம்பிக்கும். ஆயில் கம்பெனி எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற மாதிரி கலந்து வெச்சிருக்கு, நாம வீட்டுல நின்னுக்கிட்டு அத கலைக்க வேணாம்.

டீசல் ஆயில ஊத்தலாமான்னு கேப்பீங்க. சிஐ-4 மாதிரி டீசல் 15டபிள்யூ-40ல ஜிங்க் பொதுவா ஜாஸ்திதான், பழைய கார்ல ஊத்தி நல்லா ஓட்டுறவங்க நெறைய பேர் இருக்காங்க, ஆனா அதே கேன்ல பெட்ரோலுக்கான எஸ் வரிசை எழுத்தும் சேந்து இருக்கான்னு பாத்துக்கோங்க, டிடர்ஜென்டும் அதுல தூக்கலா இருக்கும்கிறத மறந்துடாதீங்க.

அந்த எழுத்துங்க

எஸ்ல ஆரம்பிச்சா பெட்ரோல், சியில ஆரம்பிச்சா டீசல், ரெண்டாவது எழுத்து பின்னாடி போகப் போக தரம் புதுசு. எஸ்ஏ ஆயில 1930க்கு அப்புறம் வந்த இன்ஜினுக்கு ஊத்தக் கூடாதுன்னு ஏபிஐயே சொல்லுது, எஸ்பி 1951க்கு அப்புறம் கூடாது. பழைய வண்டிக்கு பழைய எழுத்துதான் பொருத்தம்னு நெனச்சு 1965 மாடல் காருக்கு எஸ்ஏ வாங்கிட்டு போயிடாதீங்க, அதுல சேர்மானம் எதுவுமே இல்ல. 1980ல வந்த எஸ்எஃப், 1989ல வந்த எஸ்ஜி தரத்துல கெட்டி கிரேடு ஆயில் நம்பகமான கம்பெனியில கெடச்சா தாராளமா எடுக்கலாம்.

டிடர்ஜென்ட்: என் அனுபவம்

டிடர்ஜென்ட் ஆயில் அழுக்க தனக்குள்ள மிதக்க விட்டு ஃபில்டருக்கோ டிரெய்னுக்கோ கொண்டு போகும். டிடர்ஜென்ட் இல்லாத ஆயில் அழுக்க சம்ப்போட (இன்ஜினுக்கு அடியில ஆயில் தங்குற தொட்டி) அடியில படிய விட்டுடும். ஃபில்டரே இல்லாத ரொம்பப் பழைய இன்ஜின்ங்களுக்கு அந்தக் காலத்துல அது ஒரு வழியா இருந்துச்சு, அழுக்கு சுத்தி வர்றத விட கீழ தங்குறது மேல்னு.

என்கிட்ட வந்த மொத பழைய வண்டி பல வருஷம் ஷெட்டுல நின்னது. நான் ஆசையா நல்ல ஆயில் வாங்கி ஊத்தினேன், டிடர்ஜென்ட் நல்லாவே இருக்குற ஆயில், வண்டியும் அருமையா ஓடுச்சு. ஒரு முந்நூறு கிலோமீட்டர் தாண்டினதும் சூடா இருக்கும்போது சிக்னல்ல நின்னா ஆயில் லைட் லேசா கண்ணு சிமிட்டுச்சு. உடனே நிறுத்தி சம்ப்ப இறக்கிப் பாத்தா, பம்ப் ஆயில் உறிஞ்சுற எடத்துல இருக்குற ஸ்ட்ரெய்னர் பாதிக்கு மேல கருப்பு கசடால அடைச்சிருந்துச்சு, புது ஆயில் உள்ள இருந்த பழைய கசட எல்லாம் பேத்து எடுத்துட்டு வந்து அங்க கொட்டியிருக்கு. லைட்ட பாக்காம இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா பேரிங் போயிருக்கும்.

அதனால உங்க ராக்கர் கவருக்கு அடியில கசடு இருந்தா ரெண்டு வழி. நல்லது, சம்ப்ப இறக்கி கையால சுத்தம் பண்ணி ஸ்ட்ரெய்னர கழுவி மாட்டிட்டு அப்புறம் டிடர்ஜென்ட் ஆயில் ஊத்துறது. அது முடியலன்னா சாதாரண மினரல் (கச்சா எண்ணெய்ல இருந்து சுத்திகரிச்சு எடுத்த) மல்டிகிரேடு ஊத்தி 500 கிலோமீட்டர்ல ஒரு தடவ, 1000ல ஒரு தடவ, அதுக்கப்புறம் 2000ல ஒரு தடவன்னு ஃபில்டரோட சேத்து மாத்திட்டே வாங்க, மெதுவா சுத்தமாகும். ஃப்ளஷிங் ஆயில ஊத்தி பத்து நிமிஷத்துல கழுவுறேன்னு யாராவது சொன்னா, கசடு உள்ள வண்டியில அத செய்ய விடாதீங்க.

சுத்தமா பிரிச்சு கட்டின இன்ஜின், உள்ள பளபளன்னு இருக்குன்னா இந்தக் கவலையே இல்ல, ஃபில்டர் இல்லாத வண்டியா இருந்தாலும் டிடர்ஜென்ட் ஆயில் ஊத்தி சீக்கிரம் சீக்கிரம் மாத்துங்க. ஏர் கூல்ட் பீட்டில்ல இப்படித்தான், வெறும் வலை மட்டும்தான் இருக்கு, மொத்தமே ரெண்டரை லிட்டர் ஆயில், அந்த ரெண்டரை லிட்டர்தான் இன்ஜின குளிர வைக்கிற வேலையிலயும் ஒரு பங்கு பாக்குது, அதனால 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும்.

மினரலா சிந்தெட்டிக்கா

சிந்தெட்டிக் ஊத்தினா ஒழுகும்னு ஒரு பேச்சு உண்டு. ஆரம்ப காலத்து சிந்தெட்டிக்ல அது உண்மை, ரப்பர் சீல சுருங்க வைக்கும். இப்ப வர்றதுல அத சரி பண்ணிட்டாங்க. ஆனாலும் பழைய வண்டியில கயிறு சீல், கார்க் கேஸ்கெட் இருக்கும், அதுல கண்ணுக்குத் தெரியாத விரிசல பழைய பிசுக்கு அடைச்சு வெச்சிருக்கும், புது ஆயில் அத கழுவி விட்டா சொட்ட ஆரம்பிக்கும். ஓட்டை ஏற்கனவே இருந்துச்சு, இப்ப தெரியுது. என்னோட பதில், தெனம் ஓட்டாத, வருஷத்துக்கு சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடுற வண்டிக்கு நல்ல மினரல் ஆயிலே போதும், காச அடிக்கடி மாத்துறதுல செலவு பண்ணுங்க.

மாத்தும்போது

வண்டிய பதினஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வந்து ஆயில் இளஞ்சூடா இருக்கும்போது டிரெய்ன் பண்ணுங்க, அழுக்கு மிதந்துட்டு இருக்கும்போதே வெளிய வந்துடும். ஜாக் மட்டும் வெச்சுட்டு அடியில போகவே போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க. கையுறை போட்டுக்கோங்க, ஓடின ஆயில் தோலுக்கு ஆகாது, அடிக்கடி பட்டா புத்துநோய் வரைக்கும் கொண்டு போய் விடக்கூடியது. டிரெய்ன் போல்ட்டோட செம்பு வாஷர புதுசா போடுங்க, பழைய அலுமினிய சம்ப்ல போல்ட்ட ஓவரா முறுக்கினா மரை போயிடும்.

பழைய வண்டிங்கள்ல ஃபில்டர் கிண்ணத்துக்குள்ள காகித எலிமென்ட் வெக்கிற மாதிரி இருக்கும், அந்தக் கிண்ணம் உக்கார்ற பள்ளத்துல பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கிட்டே இருக்கும், ஊசி விட்டு அத எடுத்துட்டுத்தான் புதுச போடணும், ரெண்டும் சேந்து இருந்தா ஸ்டார்ட் பண்ண நிமிஷத்துல ஆயில் பீய்ச்சி அடிக்கும். சுத்தி மாட்டுற ஃபில்டர்னா உள்ள ஆயில் திரும்பி ஓடாம தடுக்குற வால்வு இருக்குறதா பாத்து வாங்குங்க, ஸ்டார்ட் ஆகுற அந்த சில நொடியில ஆயில் போய்ச் சேரலன்னா இன்ஜின் தேயும்.

மேனுவல்ல சொன்ன அளவ விட கொஞ்சம் கம்மியா ஊத்துங்க, இக்னிஷன் காயிலுக்குப் போற சின்ன வயர கழட்டிட்டு ஸ்டார்ட்டர அஞ்சு பத்து நொடியா விட்டு விட்டு சுத்துங்க, ஆயில் லைட் அணையுற வரைக்கும். அப்புறம் வயர மாட்டி ஸ்டார்ட் பண்ணி, அடியில எட்டிப் பாத்து, நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு சமமான தரையில டிப்ஸ்டிக் பாத்து மிச்சத்த ஊத்துங்க. கியர்பாக்ஸ் ஆயில் தனியா இருக்குற வண்டின்னா அதுக்கு மேனுவல் பாக்காம ஜிஎல்-5ங்கிற தர கியர் ஆயில ஊத்திடாதீங்க, அதுல இருக்குற கந்தக சேர்மானம் பழைய கியர்பாக்ஸோட பித்தளை சின்க்ரோவ (கியர் சுலபமா விழ உதவுற வளையம்) அரிக்கும், பெரும்பாலும் ஜிஎல்-4தான் கேக்கும்.

ஊத்தின அப்புறம் கவனிக்க வேண்டியது

மொத சில நூறு கிலோமீட்டர் கேஜ் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். நல்லா சூடான இன்ஜின்ல 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, உங்க மேனுவல்ல நம்பர் இருந்தா அதுதான் கடைசி வார்த்தை.

வாரத்துக்கு ஒரு தடவ டிப்ஸ்டிக்க எடுத்து அளவு மட்டும் பாக்காம மோந்தும் பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சு, அளவு கொறையாம ஏறியிருந்துச்சுன்னா மெக்கானிக்கல் ஃபியூயல் பம்ப்போட டயாஃப்ரம் (உள்ள இருக்குற சவ்வு) கிழிஞ்சு பெட்ரோல் நேரா சம்ப்புக்குள்ள எறங்குது, இல்ல கார்புரேட்டர் வழிஞ்சு ஓடுது. அப்ப நீங்க எவ்வளவு பாத்துப் பாத்து வாங்கின 20டபிள்யூ-50ஆ இருந்தாலும் அது தண்ணிதான், ஓட்டாதீங்க, சரி பண்ணிட்டு ஆயில மாத்துங்க. மூடிக்கு அடியில பால் மாதிரி வெள்ளையா இருந்தா, கிட்டக்க கிட்டக்க ஓட்டுறதால நீராவி சேந்திருக்கலாம், ஒரு மணி நேரம் நல்லா ஓட்டினா மறையும், மறையாம டிப்ஸ்டிக்லயும் வெள்ளையா வந்து ரேடியேட்டர்ல தண்ணி கொறைஞ்சா ஹெட் கேஸ்கெட் போயிருக்குன்னு அர்த்தம்.

கிலோமீட்டர் ஓடலன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க. வண்டிய சில மாசம் நிறுத்தி வெக்கப் போறீங்கன்னா நிறுத்துறதுக்கு முன்னாடி மாத்துங்க, எடுக்கும்போது இல்ல, ஏன்னா ஓடின ஆயில்ல இருக்குற அமிலம் அத்தன மாசமும் பேரிங் மேல உக்காந்துட்டு இருக்கும்.

புது கேம் போட்டு கட்டின இன்ஜின்னா மேல சொன்னதுல ஒண்ணு மட்டும் மாறும், அதுக்கு ஜிங்க் நெறைய இருக்குற பிரேக்-இன் மினரல் ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்ல விடாம 2000 ஆர்பிஎம் சுத்துவட்டாரத்துல இருபது நிமிஷம் ஓட விடணும், கேம் மூக்குக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுத்தி தெளிக்கிறதுலதான் கெடைக்குது, ஐட்லிங்ல அது பத்தாது. அந்த ஆயில சீக்கிரமே டிரெய்ன் பண்ணி வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க, லேசா சாம்பல் கலர் இருந்தா சரி, மினுமினுன்னு தூள் ஓடுச்சுன்னா வண்டிய எடுக்காம கட்டினவர கூப்பிடுங்க.